வெண்கல உருளியில் வெந்த கேக்

அகிலாண்டம் அம்மையாருக்குச் சாதி வேற்றுமை கிடையாது. இச்செய்தியை அவரே பலருக்கும் எடுத்துச் சொல்லியிருக்கிறார், கேளாதவர்களுக்கும் சொல்லியிருக்கிறார். "பக்கத்து வீட்டு டாக்டரம்மா யாருன்னு நெனைக்கிறீங்க? நாங்க அதெல்லாம் பார்க்கிறதே இல்லை" என்பார். பாராத ஒன்றை அவ்வளவு துல்லியமாக அறிந்துவைத்திருப்பது அவருடைய தனித்திறமை.

டாக்டரம்மா எனப்பட்ட செவ்வந்தி கால்நடை மருத்துவர். அவருடைய கணவர் மருதையன் பாசனப் பொறியாளர். அகிலாண்டத்தின் கணவர் சிவசங்கரனும் மருதையனும் ஒரத்தநாட்டுக்கு அருகே ஒரே ஊரைச் சேர்ந்தவர்கள். சிவசங்கரனின் தந்தையாருக்கு அங்கே நிலம் இருந்தது. அந்நிலத்தில் மருதையனின் தந்தையார் நாற்றுப் பறித்தார். இப்போது இரு குடும்பங்களும் தஞ்சாவூரில், ஒரே மதிற்சுவரின் இரு புறங்களில் வாழ்கின்றன. செவ்வந்தியின் வீட்டில் டிசம்பர் பிறந்ததும் காகித நட்சத்திரம் தொங்கும். அகிலாண்டம் அதை மனமாரப் பாராட்டுவார்; நட்சத்திரத்தைப் பாராட்டுவதில் சிக்கல் ஏதுமில்லை, அதை உண்ண வேண்டியதில்லை.

பண்டிகைக்குப் பண்டிகை பலகாரம் கொடுத்துவிடுவதிலும் அம்மையார் குறைவைத்ததில்லை. தீபாவளி முறுக்கும், சர்க்கரைப் பொங்கலும், கொழுக்கட்டையும் தவறாமல் மதிலைத் தாண்டின. ஆனால், யாவும் காலியான ஐஸ்கிரீம் டப்பாக்களில் சென்றன. "டப்பாவைத் திருப்பித் தர வேணாம் டாக்டரம்மா, நீங்களே வெச்சுக்கங்க" என்று ஒவ்வொரு முறையும் கூறுவார். அவ்வீட்டுக்குச் சென்ற பாத்திரம் எதுவும் இவ்வீட்டு அடுக்களைக்கு மீண்டதில்லை. செவ்வந்தியின் அலமாரியில் டப்பாக்கள் கூரையைத் தொட்டன.

எதிர்த்திசையில் வரும் கிறிஸ்துமஸ் கேக்குக்கு வேறொரு முறை இருந்தது. வாயிற்கதவருகே செய்தித்தாளை விரித்துப் பிடித்தபடி அகிலாண்டம் நிற்பார். "இதுல போட்டுடுங்க. தட்டைக் கையோட கொண்டுபோயிடுங்க, உங்களுக்கு எதுக்கு வீண் அலைச்சல்." முதலாண்டு, கேக்கில் முட்டை இருப்பதாக வருந்தினார். மறுவருடம் செவ்வந்தி முட்டையின்றிச் செய்தார். அப்போது திராட்சையை ஊறவைத்த ரம் தடையாயிற்று. அதற்கடுத்த ஆண்டு திராட்சை ஆரஞ்சுச் சாற்றில் ஊறியது. அதன்பின் தடை சொல்ல ஒன்றுமில்லாமையால், புகழ்ச்சி தொடங்கிற்று. "பிரமாதம் டாக்டரம்மா. வாயில வெச்சதும் கரைஞ்சு போச்சு."

யார் வாயில் கரைந்தது என்பதைத் தெருமுனையில் சலவைத்துணி தேய்க்கும் தமிழ்மாறன் சென்ற ஆண்டு கள்ளமின்றிப் போட்டுடைத்தார்.

"வருசா வருசம் உங்க கேக்கு எனக்குத்தாங்கம்மா வருது, பெரியம்மா குடுத்துடுவாங்க. இந்தத் தடவை மட்டும் அடியில கொஞ்சம் தீஞ்சிருந்துச்சு. அடுப்பைக் குறைச்சு வெச்சிருக்கணும்."

உண்மையிலேயே தீய்ந்திருந்தது. அதே கேக்கைத்தான் முந்திய நாள் அகிலாண்டம் 'பிரமாதம்' என்றிருந்தார்.

செவ்வந்தி வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது மருதையன் சிரித்தார்.

"எங்கப்பா அவங்க கொல்லைப்பக்கம் நின்னு கையேந்திக் கூழ் வாங்குனாரு. நமக்கு டப்பாவுல, மூடி போட்டு வருது. முன்னேற்றந்தானே?"

"சிரிக்காதீங்க. என் கையால செஞ்சதை அந்த வீட்டுல ஒருத்தர் ஒரு வாய் சாப்பிடணும். அவ்வளவுதான் எனக்கு."

"சரி, இன்னும் ஒரு வருசம் பாரு. அப்பவும் தமிழ்மாறன் வாய்க்கே போச்சுன்னா, அதுக்கப்புறம் அந்தக் கேட்டைத் தாண்டிக் கேக் போகக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

அந்த ஒரு வருடந்தான் இவ்வாண்டு. இவ்வாண்டு திருவாதிரை கிறிஸ்துமஸை ஒட்டி வந்தது. அகிலாண்டம் விடியலில் நீராடி, மாமியார் விட்டுச்சென்ற வெண்கல உருளியில் திருவாதிரைக் களி கிண்டினார். அவ்வுருளி சாமானியமானதன்று. விளிம்பில் மாமியாரின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும். ஓராண்டு இளையவர் சிவசங்கரன் வீட்டிலும், மறு ஆண்டு அவருடைய தமையனார் வீட்டிலும் அதில் பொங்கல் பொங்க வேண்டும் என்பது குடும்ப ஏற்பாடு. இவ்வாண்டு முறை தமையனாருடையது. சுவாமிமலையில் வாழும் மூத்த ஓரகத்தி குந்தவை, கிறிஸ்துமஸ் விடுமுறையன்று வந்து உருளியைப் பெற்றுச்செல்வதாகச் சொல்லியிருந்தார்.

களியைப் படைத்ததும் அகிலாண்டம் கோயிலுக்குப் புறப்பட்டார். பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மருமகள் ஹம்சத்வனியிடம், "டாக்டரம்மா வீட்டுக்கும் களி கொடுத்துடும்மா" என்று மட்டும் சொன்னார். எதில் கொடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சில விதிகள் வாயால் சொல்லப்படுவதற்காக ஏற்பட்டவை அல்ல. ஹம்சத்வனி டப்பா தேடினாள், ஒன்றுகூட அகப்படவில்லை. அகப்படவும் இயலாது, எல்லாம் மதிலுக்கு அப்பால் இருந்தன. ஆகவே, வீட்டுக்கு வேண்டியதை வேறு பாத்திரத்தில் எடுத்துவைத்துவிட்டு, எஞ்சிய களியை உருளியோடு தூக்கிச்சென்று செவ்வந்தியின் கையில் கொடுத்துவிட்டு வந்தாள்.

கோயிலிலிருந்து திரும்பிய அகிலாண்டம் செய்தி கேட்டு நாற்காலியில் அமர்ந்தார்.

"என்ன அத்தை? நம்ம உருளிதானே, போய் வாங்கிட்டு வந்துடுறேன்" என்றாள் மருமகள்.

"வேணாம்."

"ஏன்?"

 விடை இருந்தது, ஆனால், சாதி வேற்றுமை பாராத ஒருவர் அதை உரக்கச் சொல்ல இயலாது. மருமகள் அப்பால் சென்றதும் சிவசங்கரன் தணிந்த குரலில் ஆறுதல் கூறினார்.

"வாங்கிப் புளி போட்டுத் தேய்ச்சா போயிடாதா?"

"எது போயிடும்?"

சிவசங்கரன் சற்றே யோசித்தார். "அதான் எனக்கும் தெரியலை" என்றார்.

உருளி தானாக வரும் என்று அகிலாண்டம் காத்திருந்தார். வரவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள், மதிலோரம் துளசிக்கு நீர் ஊற்றும் பாவனையில் நின்று பேச்சைத் தொடங்கினார்.

"களி நல்லா இருந்துச்சா டாக்டரம்மா?"

"வெல்லம் ஒரு பிடி கம்மிம்மா. ஆனா நல்லா இருந்துச்சு, வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டோம்."

"அந்த உருளி..."

"அழகான உருளிம்மா. இவ்வளவு பெரிய மனசு யாருக்கு வரும்? பாத்திரத்தைத் திருப்பித் தர வேணாம்னு நீங்க எப்பவும் சொல்றதுதான். ஆனா இதையும் சொல்வீங்கன்னு நான் நெனைக்கலை."

அகிலாண்டத்தின் கையிலிருந்த செம்பில் நீர் தீர்ந்தது. தீர்ந்த பின்னும் சாய்த்தபடியே நின்றார்.

"இல்ல டாக்டரம்மா, அது எங்க மாமியாரோடது. நாளைக்கு எங்க அக்கா வராங்க..."

"அய்யோ, அப்ப வேணும்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நாளைக்குக் காலையில நானே கொண்டாந்து தரேன். ஆனா வெறும் பாத்திரமா தரமாட்டேன்மா. எங்க வீட்டுல அந்தப் பழக்கம் இல்லை."

உருளி செவ்வந்தியின் ஓவனுக்குள் நுழையவில்லை. ஆகையால், பெரிய அண்டாவில் ஆற்றுமணலைப் பரப்பி, அதன்மேல் உருளியை அமர்த்தி, மூடியின்மீது தணலைக் கொட்டிக் கேக்கை வேகவைத்தார். முட்டையில்லை; ரம் இல்லை; பேராவூரணித் தேங்காயும் முந்திரியும் திராட்சையும் இருந்தன. தமிழ்மாறன் கூறியபடி, இம்முறை அடுப்பைக் குறைத்தே வைத்தார்.

மறுநாள் காலை, குந்தவை கூடத்தில் காப்பி அருந்திக்கொண்டிருந்தபோது செவ்வந்தி உருளியைச் சுமந்து வந்தார். அகிலாண்டம் வழக்கம்போல் செய்தித்தாளுடன் வாயிலுக்கு விரைந்தார். ஆனால், உருளி நிறைய ஒரே கேக், விளிம்புவரை உப்பி நின்றது. அதைக் கவிழ்த்துக் கொட்ட வழியில்லை. உருளியோடுதான் உள்ளே வந்தாக வேண்டும். அவர் தாளை மடிப்பதற்குள் ஹம்சத்வனி, "உள்ள வாங்கக்கா" என்று அழைத்துக் கூடத்து மேசையில் இடம் ஒதுக்கினாள்.

குந்தவை கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளிம்பிலிருந்த பெயரைப் படித்தார்.

"நம்ம உருளி எங்கே போயிட்டு வருது?"

"டாக்டரம்மா வீட்டுக்குங்க அக்கா" என்றார் அகிலாண்டம்.

"எந்த டாக்டரம்மா? நம்ம ஊரு மருதையன் சம்சாரமா?"

 தயங்கினால், அச்செய்தி மாலைக்குள் சுவாமிமலை வரை உறவினர் அனைவரையும் எட்டிவிடும் என்பதை அகிலாண்டம் அறிவார். உருளியை அனுப்பிய பழியும் தம் தலையில் விழும். ஆகவே, நிமிர்ந்து நின்று, தாம் நன்கு பழகிய வசனத்தைச் சொன்னார்.

"ஆமாங்க அக்கா. நாங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு. அதெல்லாம் பார்க்கிறதே இல்லை."

"அப்படியா? நல்லதுதான்" என்ற குந்தவை கத்தியை எடுத்து அவரிடம் நீட்டினார். "அப்ப முதல் துண்டை நீயே சாப்பிடு. நீ சாப்பிட்டா நானும் சாப்பிடுறேன்."

ஓரகத்திகளுக்கிடையே இத்தகைய பரிவு அரிதன்று. அகிலாண்டம் விரதம் என்று சொல்லலாமா என எண்ணினார்; சற்றுமுன் தின்ற இட்லியின் தட்டு மேசையிலேயே இருந்தது. சிவசங்கரன் செய்தித்தாளுக்குப் பின்னால் மறைந்தார். செவ்வந்தி கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார்.

அகிலாண்டம் ஒரு சிறு துண்டை வெட்டினார். கண்ணை மூடினார். வாயில் இட்டார். மென்றார். விழுங்கினார். பிறகு, யாரும் எதிர்பாராவண்ணம், அவருக்குள் இருந்த சமையற்காரி அவரையும் முந்திக்கொண்டாள்.

"ஏலக்காய் பத்தலை" என்றார். "நுணுக்கி இன்னும் கொஞ்சம் போட்டிருக்கணும்."

செவ்வந்தியின் முகம் மலர்ந்தது. "அடுத்த வருசம் சேர்த்துடுறேன்மா" என்று சொல்லி விடைபெற்றார். குந்தவை இரண்டு துண்டுகளும் ஹம்சத்வனி நான்கு துண்டுகளும் உண்டார்கள்; மீதி வேறு தட்டுக்கு மாறியது.

வீட்டில் மருதையன் வாயிற்படியிலேயே காத்திருந்தார்.

"என்ன சொன்னாங்க? பிரமாதமா?"

"ஏலக்காய் பத்தலையாம்."

மருதையன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவருக்கும் புரிந்தது. சற்று நேரத்தில் மதிலுக்கு அப்பாலிருந்து, வெண்கலத்தைப் புளி போட்டு அழுத்தித் தேய்க்கும் ஓசை எழுந்தது. நிற்பதாகத் தெரியவில்லை.

"கேக்குதா? தேய்க்கிறாங்க."

"தேய்க்கட்டும்" என்றார் செவ்வந்தி. "உள்ள போனதை எந்தப் புளியைப் போட்டுத் தேய்ப்பாங்க?"