ஐஸ் உருகுவதற்குள்

விடிவதற்கு முன்பே கோழிகளைப் பிடித்துவிட வேண்டும். இருட்டில் அவற்றுக்குக் கண் தெரியாது. வெளிச்சம் வந்துவிட்டால் ஒரு கோழிக்குப் பின்னால் நாலு பேர் ஓடவேண்டியிருக்கும். அதனால் சங்கிலியம்மாளும் மற்றப் பெண்களும் விளக்கில்லாமல் கொட்டகைக்குள் குனிந்து, உமித்தரையைக் கையால் துழாவிப் பிடித்தார்கள். எச்சத்தின் காரம் கண்ணைக் கரித்தது. காலைச் சேர்த்துப் பற்றிய கோழி கை மாறிக் கை மாறி வாசலுக்குப் போகும். அங்கே மூக்கம்மாள் இறக்கையை விரித்துப் பிடிப்பாள். மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் செல்வமணி அரிக்கேன் வெளிச்சத்தில் ஊசியைக் குத்துவார்.

மருந்து ஐஸ்கட்டியின்மேல் இருந்தது. கம்பம் டவுனிலிருந்து உமிச்சாக்கில் பொதிந்து கொண்டுவந்த ஐஸ்.

"கலக்கியாச்சு. ஐஸ் உருகுறதுக்குள்ள முடிச்சிரணும். அப்புறம் இதைக் குத்துறதும் ஒண்ணு, பச்சத் தண்ணியக் குத்துறதும் ஒண்ணு" என்று செல்வமணி வந்ததுமே சொல்லியிருந்தார்.

போன வருஷம் ஊசி போடவில்லை. வீண் செலவு என்று முதலாளி சங்கரலிங்கம் விட்டுவிட்டார். கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தது. கழுத்து முறுக்கிக்கொண்டு, பச்சையாய்க் கழிந்து, கொட்டகை கொட்டகையாய்ச் செத்தன. அள்ளி அள்ளிப் பண்ணை மூலையிலிருந்த பாழுங்கிணற்றில் போட்டார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். அந்த மனுஷனுக்கு ஆசை விடுமா? மக்கிய கோழி திராட்சைக் கொடிக்கு அருமையான உரம் என்று யாரோ காதில் ஓதிவிட்டார்கள். சங்கிலியம்மாளின் புருஷன் சின்னக்கருப்பை அள்ளச் சொல்லி உள்ளே இறக்கினார். கயிற்றைப் பிடித்து இறங்கியவன் "தூக்குங்க" என்று ஒரே ஒரு தரம் கத்தினான். பெண்கள் இழுத்தார்கள். கயிறு மட்டும் மேலே வந்தது.

"குடிச்சிட்டு விழுந்துட்டான்" என்று முதலாளி, பிணத்தை எடுக்க வந்த போலீசிடம் சொன்னார். கயிறு பிடித்த பெண்கள் அத்தனை பேரும் தலையாட்டினார்கள். சங்கிலியம்மாளும் ஆட்டினாள். அவள் குடிசை முதலாளி நிலத்தில் இருந்தது.

அன்றிலிருந்து அந்தக் குரல் அவளை விடவில்லை. முட்டை பொறுக்கும்போது கோழிகள் சட்டென்று அடங்கிவிட்டால் போதும், காதுக்குப் பக்கத்தில் "தூக்குங்க" என்று கேட்கும். திரும்பிப் பார்ப்பாள். தகரம் போட்டு மூடிய கிணறுதான் தெரியும். செத்தவனை நினைத்து அவள் பயப்படவில்லை. தலையாட்டியதை நினைத்துத்தான்.

முதல் கொட்டகை முடிந்து, இரண்டாவதில் பாதி தாண்டியிருந்தது. முதலாளியின் புல்லட் வந்து நின்றது.

"ஏலே ஒச்சாண்டி, கோழிய இவளுக பிடிக்கட்டும். நீ போய்க் கெணத்துத் தகரத்த எடு. உள்ள எறங்கி அள்ளு. திராட்சைத் தோட்டத்துக்கு உரம் ஏத்த இன்னைக்கு லாரி வருது."

ஒச்சாண்டி, சின்னக்கருப்பின் சித்தப்பா மகன். அவன் சங்கிலியம்மாள் இருந்த பக்கம் திரும்பினான்.

"மதினி..." என்றான்.

அவள் கையில் ஒரு கோழி இருந்தது. வாங்கிக்கொள்ள சந்தனம்மாள் கை நீட்டிக்கொண்டிருந்தாள். சங்கிலியம்மாள் கொடுக்கவில்லை. கோழியை மடியில் அணைத்தபடி உமியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி?" என்றாள் சந்தனம்மாள்.

"அவன் எறங்குனா நான் கோழி குடுக்க மாட்டேன்."

சந்தனம்மாள் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். பிறகு அவளும் உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தியாக, வாசல்வரைக்கும் வரிசை உட்கார்ந்தது. செல்வமணியின் ஊசி அந்தரத்தில் நின்றது.

"என்ன கூத்துடி இது? மருந்து கெட்டுப்போகும்!" என்று முதலாளி உள்ளே வந்தார்.

"கெடட்டும் மொதலாளி" என்றாள் சங்கிலியம்மாள்.

"கோழி செத்தா ஒங்க பொழப்பும் சேந்து போகும்."

"தெரியும். போன வருசம் செத்ததை அள்ளுனது நாங்கதான?"

"அவன் குடிச்சிட்டு எறங்குனான், விழுந்தான். ஒச்சாண்டிக்கு என்ன? எல்லாம் மக்கிப்போய்க் கெடக்கு."

"அப்ப நீங்க எறங்குங்க" என்றாள் மூக்கம்மாள் வாசலிலிருந்து. இருட்டுக்குள் யாரோ பயந்துகொண்டே சிரித்தார்கள்.

"குடிசைய இன்னைக்கே பிரிச்சு எறிவேன், சங்கிலி!"

பிரித்துவிட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

முதலாளி பக்கத்திலிருந்த தன் திராட்சைத் தோட்டத்துக்கு ஆளனுப்பினார். மலைமுகட்டில் வெளுப்புத் தட்டும்போது பழம் பறிக்கிற பெண்கள் கூடையோடு வந்து நின்றார்கள். முன்னால் நின்றவள் ஜக்கம்மா.

"இவளுகளுக்குக் கொழுப்பு. நீங்க பிடிங்க" என்றார் முதலாளி.

ஜக்கம்மா கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். வரிசையாகப் பெண்கள், மடியில் வெள்ளைக் கோழிகள்.

"எதுக்குத்தா இப்படி உக்காந்திருக்கீக?"

சங்கிலியம்மாள் வாயைத் திறந்தாள்.

"எங்க வீட்டுக்காரரு குடிக்கலத்தா. அந்தக் கெணத்துக்குள்ள மூச்சு முட்டிச் செத்தாரு. தூக்குங்கன்னு கத்துனாரு. நான் மேல நின்னு கேட்டேன். போலீசு கேட்டப்ப குடிச்சாருன்னு தலையாட்டுனேன். இன்னைக்கு அவரு தம்பிய எறங்கச் சொல்றாக."

கொட்டகையில் ஒரு கோழிகூடச் சத்தம் போடவில்லை.

"நானும் கேட்டேன்" என்றாள் மூக்கம்மாள்.

"நானும் கேட்டேன். நானும்தான் தலையாட்டுனேன்" என்றாள் சந்தனம்மாள். அவளுக்கு அடுத்தவள் சொன்னாள். அதற்கடுத்தவள் அழுதுகொண்டே சொன்னாள். ஒரு வருஷமாக மூடிவைத்ததைக் கடைசி ஆள்வரை சொல்லி முடித்தார்கள்.

ஜக்கம்மா முதலாளியைப் பார்த்தாள்.

"அந்தக் கெணத்து உரத்தத்தான் எங்க கொடிக்குப் போடப்போறீகளா?"

"ஐஸ் கொஞ்சந்தான் இருக்குங்க" என்றார் செல்வமணி, தரையைப் பார்த்தபடி. முதலாளி புல்லட் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றார். போகவுமில்லை, சரி என்று சொல்லவுமில்லை.

ஒச்சாண்டி வந்து மதினியின் பக்கத்தில் உட்கார்ந்தான். ஜக்கம்மா கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே நுழைந்தாள். அவளோடு வந்தவர்களும் நுழைந்தார்கள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கத்தா. எங்களுக்கும் எடம் வேணும்ல."