அணுவுக்கு யார் புல் வெட்டுவது?

சிங்கப்பூருக்கு வடக்கே, காஹாங் பக்கத்தில் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அணு வெடிப்பதை நான் ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். ஒன்றல்ல, ஒரு லட்சம் இருக்கும். மற்றக் கண்ணையும் திறந்திருந்தால் இரண்டு லட்சம். நம்பாதவர்கள் வரிசையில் நிற்கலாம். அந்த வரிசையில் முதல் ஆள், தோட்டத்து ஆள்களை வேலை வாங்கும் ஐயாசாமிக் கங்காணி.

அது 1922. நான் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு வாலண்டைன் என்றொரு டிரெசர் வந்து சேர்ந்தார். புண்ணுக்குக் கட்டுப் போடவும் காய்ச்சலுக்குக் கொயினா ஊற்றவும் அவருக்குச் சம்பளம். ஆசை முழுக்க அணுவின் மேல். சிங்கப்பூர் ஏலத்தில் ஒரு பெட்டி நிறையப் பழைய விஞ்ஞானப் பத்திரிகைகள் எடுத்து வந்திருந்தார். வரிசையாகப் படிப்பார், படித்ததை மறுநாள் விடியலில் ஆள்கள் கூடும் பெரட்டுக்களத்தில் அவிழ்த்துவிடுவார். ஐரோப்பா நூறு வருஷம் முக்கி முனகிக் கண்டுபிடித்ததை எங்கள் தோட்டம் ஒரே மழைக்காலத்தில் விழுங்கியது. செரித்ததா என்று கேட்காதீர்கள்.

"எல்லாமே அணுதான். உடைக்கவே முடியாத கோலிக்குண்டு," என்றார் முதலில். கங்காணி பெரிய மனசு பண்ணித் தலையாட்டினார்.

அடுத்த மாதம் டிரெசர் பெட்டியில் இன்னும் ஆழமாகப் போய்விட்டார். "குண்டு இல்லீங்க, கேசரி. அதுல காஞ்ச திராட்சை பதிச்ச மாதிரி மின்சாரத் துணுக்கு."

"உடைக்க முடியாதுன்னீங்களே?"

"அது போன மாசம்."

மழை வலுத்ததும் கேசரியும் கரைந்தது. "அணுங்கிறது நம்ம தோட்டம் மாதிரிங்க. எண்ணூறு ஏக்கர். நட்டநடுவுல ஒரே ஒரு ரப்பர் கொட்டை. எடையெல்லாம் அதுலதான். வேலியோரமா நாலு கொசு சுத்துது. மீதி எல்லாம் காலி."

கங்காணி வாயிலிருந்து சுருட்டை எடுத்தார். "மீதி இடத்துக்கு யாரு புல்லு வெட்டுறா?"

களமே சிரித்தது. மரங்கள் குலுங்கிச் சிரித்ததில் அன்றைக்குப் பால் இரட்டிப்பாக வடிந்தது.

சிரிப்போடு போயிருந்தால் சரி. அதே மழையில் காய்ச்சல் ஆள்கள் குடியிருக்கும் லயங்களுக்குள் புகுந்தது. கொயினாவோ வேப்பங்காயை இனிப்பாக்கும் கசப்பு. குடிக்காமலிருக்க ஒரு சாக்குக் கிடைக்காதா என்று காத்திருந்தவர்களுக்குக் கங்காணி தாராளமாகக் கொடுத்தார்.

"மூணு மாசத்துல மூணு வாக்குமூலம். கோர்ட்டுல இப்படிச் சொன்னா உள்ள தள்ளிருவான். இந்தாளை நம்பி மருந்தைக் குடிச்சா, அடுத்த மாசம் அது மருந்தே இல்லைம்பாரு!"

கொயினாவுக்கு ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆள்கள் வரிசையாகப் படுத்தார்கள். மாதக் கடைசிக்குள் காய்ச்சல் இறங்காவிட்டால் மூட்டையைக் கட்டலாம் என்று தோட்டத்து மேனேஜர் துரை டிரெசரிடம் சொல்லிவிட்டார்.

டிரெசர் ஏலப்பெட்டியின் அடியிலிருந்து ஒரு பித்தளைக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். கட்டைவிரல் அளவுதான். ஒரு முனையில் கண்ணாடி. உள்ளே, கடுகைக் கோடி கூறாக்கினால் கிடைக்கும் ஒரு கூறு ரேடியம்.

"இதுக்குள்ள அணு ஒவ்வொண்ணா உடையும். உடையுறப்ப ஒரு பொறி மினுங்கும். நீங்களே பாருங்க, கங்காணியாரே."

பட்டப்பகல். கங்காணி பார்த்தார். "ஒண்ணும் இல்லை."

"இருட்டுல உக்காந்து, கண்ணு பழகுன பிறகு பாக்கணுங்க."

"பேயைப் பாக்கவும் இதேதான்யா சொல்றாங்க!"

தோட்டத்தில் பகலில் இருட்டுக் கிடைக்கும் ஒரே இடம், ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கொட்டகை. ஞாயிறன்று அடுப்பு அணைந்திருந்தது. கரி அப்பிய சுவர்; கதவைச் சாத்தினால் தன் மூக்கு தனக்குத் தெரியாது. டிரெசர், கங்காணி, அவர் மனைவி அங்கம்மா, நான் என நால்வரும் உட்கார்ந்தோம்.

கங்காணிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கண் பழகி வரும் நேரம் பார்த்துச் சர்ரென்று தீக்குச்சியைக் கிழித்துச் சுருட்டைப் பற்றவைப்பார். எல்லார் கண்ணும் கூசும். மறுபடி முதலிலிருந்து. "இப்பவும் ஒண்ணும் தெரியலையே!" என்று குரலாலேயே மீசை முறுக்குவார்.

அங்கம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நெருப்பைக் காட்டிக்கிட்டே நட்சத்திரம் எங்கன்னா எப்படிங்க தெரியும்? குடுங்க இப்படி!"

தீப்பெட்டி போயிற்று. சுருட்டும் போயிற்று.

பிறகு நல்ல இருட்டு, நெடுநேரம். அங்கம்மா குழாயைக் கண்ணில் வைத்தார். "ஆத்தாடி! மழைத்துளி விழுற மாதிரி மினுங்குதே!" நான் வாங்கிப் பார்த்தேன். ஊசிமுனைப் பொறிகள், இங்கொன்று அங்கொன்றாகச் சீறிச் சீறி அணைந்தன. லட்சம் என்பது நான் தன்னடக்கத்தோடு சொல்லும் கணக்கு. கங்காணி என் கையிலிருந்து பிடுங்கினார். அப்புறம் அவரிடமிருந்து சத்தமே இல்லை. அந்த மனிதர் அவ்வளவு நேரம் பேசாமலிருந்தது அணு உடைந்ததைவிட அதிசயம்.

வெளியே வந்ததும் கங்காணி நேரே வீட்டுக்குப் போய்விட்டார். டிரெசர் மூட்டைக்குக் கயிறு தேட ஆரம்பித்தார்.

மறுநாள் விடியல். டிரெசர் கொயினாப் போத்தலோடு களத்தில் நின்றார். கூட்டம் கங்காணியைப் பார்த்தது. கங்காணி தரையைப் பார்த்தார். பிறகு நடந்து வந்து, கிண்ணத்தை வாங்கி ஒரே மடக்கில் குடித்தார். முகம் எட்டுக் கோணலாகியது.

"மூணு தடவை மாத்திச் சொன்னாரு, வாஸ்தவம். இன்னும் மாத்துவாரு. ஆனா சொன்னதைக் கூப்பிட்டுக் காட்டுறாருல்ல," என்று கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "வரிசையா வாங்க. அணு உடையுது. நெசம்தான், நான் பாத்தேன்."