லெஸ்டர் எழுந்திருக்கவில்லை

உட்வர்ட் சாலையில், மூடிப்போன மரச்சாமான் கடை ஒன்றின் முன்னால் இருக்கும் பெரிய திடலில் கோடைக்கால ஞாயிறுகளில் காலையிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே பைத்தியம்தான். ஒரு காலத்தில் இதே சாலையை அதிரவைத்த முரட்டு எஞ்சின் கார்களை, அதே முகமும் அதே அகன்ற தோளுமாகக் கம்பெனிகள் மறுபடி செய்து விற்கத் தொடங்கியதும் ஓடிப்போய் வாங்கியவர்கள். மஸ்டாங், கமாரோ, சாலஞ்சர் என்று வரிசையாக நிறுத்தி, பானெட்டைத் தூக்கிவைத்து, காப்பிக் கோப்பையோடு அடுத்தவன் எஞ்சினுக்குள் தலையை விடுவார்கள். அப்புறம் பேச்சு, பேச்சு, பேச்சு.

இர்மாவின் சாலஞ்சர் ஆரஞ்சு நிறம். ஐம்பத்தேழு வயதில் வாங்கினாள். இளமையை நினைத்து உருகி வாங்கியதல்ல. பழைய சாலஞ்சரில் அவள் ஒரு தடவைகூட ஏறியது கிடையாது. பள்ளிப் பேருந்தை ஓட்டிக்கொண்டு ஒரு சிக்னலில் நின்றபோது பக்கத்தில் வந்து நின்ற புதிய சாலஞ்சரை மேலிருந்து பார்த்தாள். அந்த நீண்ட மூக்கும் இரட்டை விளக்குகளும் அவளை முறைத்துப் பார்த்தன. அவ்வளவுதான், விழுந்துவிட்டாள். உறைபனிக் காலையிலும் முதல் அழுத்தலிலேயே அது கிளம்பும். இருக்கை இடுப்புக்கு இதமாகச் சூடேறும். மிதித்தால் மட்டும் உள்ளே கிடக்கும் பழைய மிருகம் உறுமும். ஆனால் இர்மா மிதிக்க மாட்டாள்.

அதுதான் ரஸ்டிக்குக் கேலி. ரஸ்டி அந்தக் கூட்டத்துக்குத் தானாகவே தலைவனாகிக்கொண்டவன். அவனிடம் எழுபதாம் வருஷத்து அசல் சாலஞ்சர் இருந்தது. புதியவற்றை அவன் மதிப்பதே இல்லை.

"என்ன இர்மா, இன்னைக்கும் ஸ்கூல் பஸ் மாதிரி ஸ்டாப் பலகையை நீட்டிக்கிட்டேதான் வெளிய போவியா? பின்னாடி பசங்க எல்லாம் பெல்ட் போட்டாச்சா?"

"அது இருக்கட்டும். உன் எழுபதாம் வருஷத்துக் கிழவி இன்னைக்குச் சொந்தக் கால்ல வந்தாளா, இல்ல லாரி மேல ஏறி வந்தாளா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ரஸ்டியும் சிரித்தான். வாராவாரம் நடப்பதுதான்.

இர்மாவின் கணவன் லெஸ்டருக்குக் கார்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. தபால் சுமந்து ஓய்வு பெற்றவன். இரண்டு முட்டியும் தேய்ந்துபோனவன். மனைவிக்காக வருவான். திடலிலிருந்து வண்டிகள் சாலைக்குத் திரும்பும் வாயிலின் ஓரம், புல்தரையில் மடக்கு நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சர்க்கரை தூவிய டோனட்டைத் தின்றபடி வேடிக்கை பார்ப்பான். கூட்டம் கலையும் நேரத்தில் அந்த வாயிலில்தான் வேடிக்கை பார்ப்பவர்கள் கைப்பேசியும் கையுமாக நெருக்கியடித்து நிற்பார்கள். போகிற ஒவ்வொரு வண்டியையும் பார்த்து, "காட்டு! காட்டு!" என்று கத்துவார்கள். சிலர் டயரைச் சுழற்றிப் புகை கிளப்பிவிட்டுப் போவார்கள்.

பள்ளி திறக்கச் சில நாட்களே இருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, இர்மா வண்டியை வாயிலுக்குக் கொண்டுவந்தாள். லெஸ்டர் கையசைத்தான். அவள் போய்ப் பெட்ரோல் போட்டுக்கொண்டு வருவதாகவும், அதற்குள் அவன் டோனட்டை முடிப்பதாகவும் ஏற்பாடு. "காட்டு! காட்டு!" என்று கத்தினார்கள்.

அன்றைக்கு மட்டும் ஏன் என்று கேட்டால் அவளிடம் நல்ல பதில் கிடையாது. ரஸ்டியின் கேலி காரணமில்லை, அதெல்லாம் பழகிப்போனது. அவளுக்கே ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். முப்பது வருஷம் அடுத்தவர் பிள்ளைகளை முட்டைபோல ஏற்றிப்போன கால் அது. சக்கரம் வழுக்காமல் வண்டியே பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டை அணைக்க ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திப் பிடித்தாள். திரையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. சாலைப் பக்கம் திருப்பிக்கொண்டே முழுக்க மிதித்தாள்.

வண்டியின் பின்பக்கம் அவளை விட்டுவிட்டு ஓடியது. பயந்து காலை எடுத்தாள். அதைச் செய்திருக்கக் கூடாது. டயர் சட்டென்று தரையைப் பிடித்து, மூக்கு மறுபக்கம் வெட்டித் திரும்பியது. முன்கண்ணாடி முழுக்க மனிதர்கள். பிறகு அவர்கள் சிதறி ஓட, கண்ணாடியில் புல்தரை மட்டும். பிறகு புல்தரையில் ஒரு நாற்காலி. அதில் லெஸ்டர்.

இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தாள். கரைக்கல்லில் ஏறி வண்டி குதித்தது. அடியில் ஏதோ கிழிந்தது. நின்றது.

சத்தமெல்லாம் ஒரேயடியாக வற்றிப்போனது. ரப்பர் கருகிய வாடை. இர்மாவுக்குக் கதவின் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. தினம் திறக்கிற கதவு. எப்படியோ இறங்கினாள். வண்டியின் மூக்குக்கும் லெஸ்டரின் முட்டிக்கும் நடுவே ஓர் உள்ளங்கை அகலம்தான் இருந்தது. அவன் சட்டையெல்லாம் சர்க்கரைத் தூள். பாதி டோனட் இன்னும் கையில் இருந்தது. மற்றவர்கள் எங்கெங்கோ ஓடி விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். அவன் ஒருவன் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தான்.

அவன் முன்னால் மண்டியிட்டாள். "முட்டியா? முட்டியாலதான் எழுந்திருக்க முடியலையா?"

"முட்டிக்கென்ன, நல்லாத்தானே இருக்கு."

"அப்புறம் ஏன் உக்காந்தே இருந்த? எல்லாரும் ஓடினாங்களே, லெஸ்டர்!"

லெஸ்டர் அவளை வியப்போடு பார்த்தான். "ஓட்டுறது நீதானே. நீ நிறுத்திடுவன்னு நம்பி இருந்தேன்."

அவன் சட்டையிலிருந்த சர்க்கரைத் தூளைத் தட்டிவிடப் போன அவள், கையை இழுத்துக்கொண்டாள்.

சாலை முனையில் நின்றிருந்த போலீஸ்காரர் வந்தார், இளைஞர். யாருக்காவது அடிபட்டதா என்று விசாரித்தார். முழங்கைச் சிராய்ப்புகளோடு போயிற்று. "என்ன நடந்தது?" என்றார்.

ரஸ்டி முந்திக்கொண்டான். "தரையில எண்ணெய் சார். வழுக்கிடுச்சு. இதெல்லாம் சகஜம்."

"எண்ணெயோ என்னமோ தெரியல," என்றான் லெஸ்டர், நாற்காலியிலிருந்து. "ஆனா இவமேல தப்பு இருக்காதுங்க. முப்பது வருஷமா ஸ்கூல் பஸ் ஓட்டுறா. ஒரு கீறல் கிடையாது. வண்டியிலதான் ஏதோ கோளாறு. நல்லாப் பாருங்க."

போலீஸ்காரர் தலையாட்டினார். அவருக்கும் அதை நம்பிவிடத்தான் விருப்பம் போலிருந்தது. இர்மா வாயை மூடிக்கொண்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். ரஸ்டி அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான்.

"எண்ணெயும் இல்ல, கோளாறும் இல்ல," என்றாள். "வழுக்காம பாத்துக்கிற பட்டனை நானே அணைச்சேன். வேணும்னேதான் மிதிச்சேன்."

சொல்லும்போது போலீஸ்காரரைப் பார்க்கவில்லை, லெஸ்டரைப் பார்த்தாள். முதலில் அவனுக்குப் புரியவில்லை. புரிந்ததும் கையிலிருந்த டோனட்டைப் பக்கத்தில் புல்மேல் வைத்தான். பிறகு வண்டியின் மூக்கைப் பார்த்தான். பிறகு தன் முட்டியை. நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு, மெதுவாக, அப்போதுதான் எழுந்தான். எழுந்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்தான். இர்மா பிடிக்கப் போனாள். அவன் ரஸ்டியின் தோளைப் பிடித்துக்கொண்டான்.

வழக்குப் பதிவானது. அந்த வருஷம் முழுக்க அவள் பேருந்தைத் தொடக் கூடாது என்று பள்ளி நிர்வாகம் சொல்லிவிட்டது. டிப்போவில் வயர்லெஸ் முன்னால் உட்கார்ந்து மற்ற ஓட்டுநர்களுக்கு வழி சொல்லும் வேலை கொடுத்தார்கள். யாரோ எடுத்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. கடையில் பால் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் அவளை உற்றுப் பார்த்துவிட்டுத் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதையெல்லாம் இர்மா தாங்கிக்கொண்டாள். வீட்டில் லெஸ்டர் பேசாததைத்தான் தாங்க முடியவில்லை. சண்டை போட்டாலும் பரவாயில்லை. உப்பைக் கேட்பான், செய்தியைப் போடச் சொல்வான், அவ்வளவுதான். சூப் கிண்ணத்தை வாய்க்குக் கொண்டுபோவான். அவள் பார்ப்பது தெரிந்தால் கீழே வைத்துவிடுவான்.

ஒரு சாயங்காலம், கேட்காமலே அவன் மனசிலிருந்தது வெளியே வந்தது. பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தவன் துண்டைக் கீழே போட்டான்.

"அது என்மேல ஏறியிருந்தா என்ன நெனச்சுக்கிட்டுச் செத்திருப்பேன் தெரியுமா? 'பாவம் இர்மா, வண்டி கெட்டுப்போச்சு, அவ என்ன பண்ணுவா'ன்னு நெனச்சுக்கிட்டே செத்திருப்பேன்."

இர்மா நின்றபடியே அழுதாள். அவன் தேற்ற வரவில்லை. ஆனால் போகவும் இல்லை.

"அப்படி என்னதான் இருக்கு அதுல?" என்றான், கீழே கிடந்த துண்டை எடுத்தபடி. "நீ முட்டாளில்ல. அப்படி என்ன இருக்கு?"

"சொல்லத் தெரியல."

"சொல்லாத. காட்டு."

அடிப்பாகத்தைச் சரிசெய்து வண்டி திரும்பியதும், ஊருக்கு வெளியே ஒரு பழைய விமான ஓடுதளத்துக்குப் போனார்கள். அங்கே பணம் கட்டினால், ஈரம் தெளித்த வெற்றுச் சிமெண்டுத் தரையில், யார்மேலும் மோத வழியில்லாத இடத்தில், வண்டியை இஷ்டத்துக்குச் சுழற்றிப் பழகலாம். லெஸ்டருக்குத் தலைக்கவசம் சின்னதாக இருந்தது, கன்னம் பிதுங்கியது. இர்மா பொத்தானை அழுத்தினாள். மஞ்சள் விளக்கைப் பார்த்ததும், "இதுதானா?" என்று கேட்டான். "இதுதான்," என்றாள்.

மிதித்தாள்.

எஞ்சின் கத்தியது. உலகம் பக்கவாட்டில் ஓடியது. வேலி, வானம், மறுபடி வேலி. லெஸ்டர் கூரையோரக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, அவள் இத்தனை வருஷத்தில் கேட்டிராத குரலில் அலறினான். பயமா, குதூகலமா, அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. இந்தத் தடவை அவள் காலைச் சட்டென்று எடுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினாள். வண்டி அகலமாக ஒரு வட்டம் போட்டு, நீரைச் சிதறவிட்டு நின்றது.

லெஸ்டர் கவசத்தைக் கழற்றினான். முகம் வெளுத்திருந்தது; கண் மட்டும் பளபளத்தது.

"புரியுது," என்றான். "ஆனா கோவம் போகல."

"போகவேண்டாம்."

"இதோட விட்டுடாத. இன்னொரு சுத்து போ. கால் தானா பழகட்டும்."

போனார்கள். மூன்றாவது சுற்றும் போனார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது லெஸ்டர், யார் ஓட்டுவது என்ற பேச்சையே எடுக்காமல், பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்துப் பூட்டினான். இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டான். முன்பெல்லாம் அப்படிச் செய்ய மாட்டான். இர்மா அதைக் கவனித்தாள். வண்டியைச் சாலைக்குத் திருப்பினாள்.