ஒரே பெஞ்சில் இரண்டு பேர்

1

இந்தக் கதை எனக்கு மொட்டைமாடியில் கிடைத்தது. துணி எடுக்கப் போனேன். கீழ்வீட்டுச் சண்டை தானாக மேலே வந்தது. (சரி, துணி காய்ந்து வெகுநேரமாகியிருந்தது.)

முதல் வரி இப்படி எழுதினேன்: "துரோகத்தின் நிறம் கறுப்பு வெள்ளை என்று அன்றுதான் அவள்..."

அடித்துவிட்டேன். கீழ்வீட்டுத் தையல்காரி அப்படியெல்லாம் நினைக்கிற ஆள் இல்லை. 'இந்த மனுஷனுக்கு இருக்கு இன்னைக்கு' என்றுதான் நினைத்திருப்பாள்.

2

அலமாரியை ஒழிக்கும்போது புருஷனின் பழைய கேமரா அகப்பட்டது. உள்ளே ஃபிலிம். மகளின் குழந்தைப் படம் ஏதாவது இருக்கும் என்று கழுவக் கொடுத்தாள். தேறியது ஒரே படம். பூங்கா பெஞ்சில் அவள் புருஷன், மூக்குக்கண்ணாடி விற்கிறவர். அவர்மேல் பாதி சாய்ந்தாற்போல் யாரோ ஒருத்தி. மகள் வீட்டுக்குப் போக இவள் பெட்டி கட்டிவிட்டாள்.

"பக்கத்துல யாரும் உட்காரலம்மா. நல்லாப் பாரு, அவ தோள் வழியா என் சட்டைப் பொத்தான் தெரியுது."

"பொத்தான் தெரியுற அளவுக்கு நெருக்கமா?"

இதற்குமேல் மாடியில் நிற்க முடியவில்லை. ஊசி கேட்கிற சாக்கில் இறங்கிப் போனேன்.

3

கேமராவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடிக்காரரைச் சும்மா திட்டுவீர்கள். அதில் ஃபிலிமை நகர்த்த மேலே ஒரு குமிழ். ஷட்டரை முறுக்கி வைக்க லென்ஸ் ஓரத்தில் தனியாக ஒரு விசை. ஒன்று செய்வது மற்றதற்குத் தெரியாது, சில வீடுகள் மாதிரி. குமிழைத் திருப்ப மறந்து, விசையை மட்டும் முறுக்கி மறுபடி அழுத்தினால், இரண்டாம் படம் முதல் படத்தின் மேலேயே விழும். தனித்தனியாக உட்கார்ந்தவர்கள் சேர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அதே பெஞ்சில் முதலில் யாரோ ஒருத்தியை எடுத்தாராம், பிறகு தான் உட்கார்ந்தாராம். அதைச் செய்தே காட்டினார். எனக்கு மனசு இறங்கிவிட்டது. ஒரு சமாதான முடிவுகூட எழுத ஆரம்பித்தேன்: "அவள் சிரித்தபடி பெட்டியைப் பிரித்து..."

4

முடிக்க விடவில்லை அவள்.

"சரி. அவளை எடுத்தது நீங்க. உங்கள எடுத்தது யாரு?"

கண்ணாடிக்காரர் கேமராவைப் பார்த்தார். "வழியில போன யாரோ."

"வழியில போனவங்களுக்கு இந்த விசையெல்லாம் தெரியுமா? எனக்கே இன்னைக்குத்தான் காட்டுறீங்க."

"நானே முறுக்கிக் குடுத்திருப்பேன்."

"குடுத்தீங்களா, குடுத்திருப்பீங்களா?"

"ஞாபகம் இல்லம்மா."

(இவரை நம்புவதா என்று எனக்கே தெரியவில்லை. பொய் சொல்கிறவன் இன்னும் நன்றாகச் சொல்வானே? அல்லது இதுதான் நன்றாகச் சொல்வதா?)

5

கூட உட்காரவில்லை என்பதற்கும், கூட வந்திருந்தாள், அவரை எடுத்ததே அவள்தான் என்பதற்கும் அதே படம்தான் சாட்சி. மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் யாரோ ஒருவருக்கு அநியாயம்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கக்கா. போகட்டுமா, இருக்கட்டுமா?"

கேட்காமலே கருத்துச் சொல்கிறவள் என்று தெருவுக்கே என்னைத் தெரியும். கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொண்டது. பெட்டியின் பிடியில் அவள் கை. கண்ணாடிக்காரரும் என் வாயைத்தான் பார்க்கிறார்.

சீக்கிரம் ஏதாவது சொல்லுங்கள். நான் சொன்னதாகவே சொல்லிவிடுகிறேன்.