சுக்கும் பனிக்கட்டியும்

கணேசபாண்டியனின் ரத்தம் தினமும் சாயங்காலம் அமிலமாகப் புளித்தது. விடிந்தால் அதற்கு நேர் எதிராகச் சாய்ந்தது. பழி என் மெஷின் தலையில் விழுந்தது.

அவர் தாராவியில் தச்சுப் பட்டறை வைத்திருந்தவர். மூளையில் ரத்தம் அடைத்து இடது பக்கம் விழுந்துவிட்டது, நினைவும் இல்லை. அவரைப் பனிக்கட்டிப் பைகளுக்கு நடுவே கிடத்தி, உடம்பை முப்பத்திரண்டு டிகிரிக்கு இறக்கி வைத்திருந்தார் டாக்டர் மகாதேவன். லண்டனில் கற்று வந்த வைத்தியம். குளிர்ந்த மூளைக்குப் பசி குறைவு, அதனால் தப்பிக்கும் என்பார். மூச்சை ஒரு மெஷின் விட்டது. ரத்தத்தின் அமிலத்தை இன்னொரு மெஷின் அளந்தது. அதைக் கட்டி மேய்ப்பவன் மாட்டுங்கா வேங்கடசுப்ரமணியனாகிய நான்.

அமிலம் ஏறியதென்று டாக்டர் சாயங்காலம் அதை முறிக்கச் சோடா மருந்து ஏற்றுவார். காலையில் அது அதிகமாகிப்போய் என்னை முறைப்பார்.

"நாளைக்கும் இப்படின்னா ஐஸை எடுத்துடப் போறேன். அப்புறம் அவன் பொழைக்கறது ஈஸ்வரன் விட்ட வழி. உம்ம மெஷினையும் பெட்டியில போட்டு அனுப்பிடலாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னைச் சொல்லட்டும், மெஷினைச் சொல்லலாமா? மறுநாள் சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் நானே வார்டுக்குப் போய்த் திரையை விலக்கினேன்.

சுக்கு நெடி மூக்கில் ஏறியது. கணேசபாண்டியனின் மனைவி கோமதியம்மாள் அவருடைய பாதங்களில் சுக்குப்பொடியைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள். ஐஸ் பைகளெல்லாம் தரையில் கிடந்தன. அவள் தம்பி சொரிமுத்து, இரானி ஓட்டலில் சுடச்சுட சாயா நிரப்பி வந்த சோடா பாட்டில்களை அத்தானின் அக்குளில் செருகிக்கொண்டிருந்தான்.

"என்ன பண்றேள்?"

"காலு ஜில்லுன்னு கெடக்கு சாமி. உசுரோட இருக்கவுகள ஐசுல போடுவாகளா? ஊர்லேருந்து ஆளு வாறவரைக்கும் பொணத்தைத்தான் போடுவாக."

"நர்ஸ் பாக்கலையா?"

"நேரம் முடிஞ்சு மணி அடிச்சாத்தான வருவாக. அதுக்குள்ள ஐஸை எல்லாம் முன்ன மாதிரியே அடுக்கிருவோம்லா" என்றான் சொரிமுத்து, பெருமையாக.

நர்ஸ் உடம்புச் சூட்டைக் குறிப்பது இவர்கள் வருவதற்கு முன்னால். ரத்தம் எடுப்பது போன பிறகு. நடுவில் உடம்பு சூடேறிக் கரியமில வாயுவைக் கூடுதலாகக் கக்கும்; மூச்சு மெஷினோ பழைய அளவிலேயே ஊதும். வெளியேறாத வாயு ரத்தத்தில் அமிலமாகும். ராத்திரி உடம்பு மறுபடி குளிர்ந்ததும் அந்த அமிலம் போய், ஏற்றிய சோடா மட்டும் மிஞ்சும். இதை இந்த அம்மாளிடம் எப்படிச் சொல்வது?

"ஏம்மா, தோசை மாவு சூட்டுல இருந்தா என்னாகும்?"

"புளிச்சுப் பொங்கும்."

"புளிக்காம இருக்க?"

"தண்ணித் தொட்டிக்குள்ள சட்டிய எறக்கி வைப்பேன்."

"ஐஸும் அதுக்குத்தான். நீங்க சூடு பண்ணப் பண்ண அவர் ரத்தம் உள்ள புளிக்கறது."

அவள் கை நின்றது. தம்பியைப் பார்த்தாள். "ஏல, அந்தச் சாயாவ எடுல."

அன்று முதல் என் மெஷின் காட்டிய எண் ஆடாமல் அசையாமல் நின்றது. வார்டுதான் ஆடிப்போயிற்று. போர்வையைத் தொட்ட நர்ஸுக்குக் கோமதியம்மாளிடம் வசவு. நாடி பார்க்க வந்த டாக்டரிடம், "உங்க கை சூடா இருக்கும், எடுங்க" என்றாள்.

உடம்பை மெல்ல மெல்லச் சூடேற்றும் நாள் வந்தபோது, ஐஸ் பைகளின் மேல் இரு கையையும் விரித்துப் படுத்துவிட்டாள். "புளிச்சிரும், தொடாதீக."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அரைத்த மாவு என் தலையிலேயே வழிந்தது.

"மாவு தொட்டியிலேயே இருந்தா எப்பம்மா தோசை வார்க்கறது?" என்றேன். யோசித்துப் பார்த்து நகர்ந்தாள்.

ஐஸ் போயிற்று. மறுநாள் மூச்சு மெஷினின் குழாயும் போயிற்று. தானே மூச்சு விட்டார். கண்ணும் திறந்தது. ஆனால் பேச்சு இல்லை. இடது கால் கட்டையாகவே கிடந்தது. டாக்டர் ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

"சாமி, இப்பச் சுக்கு தேய்க்கலாமா?" என்று கேட்டாள் கோமதியம்மாள்.

"தேய்க்கட்டும்" என்றார் டாக்டர், திரும்பாமலே.

இடது பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, இத்தனை நாள் அடக்கியதையெல்லாம் சேர்த்துத் தேய்த்தாள். சுக்குத் தூளில் எனக்குத் தும்மல் வந்தது. நான் நிமிர்ந்தபோது, அந்தப் பாதம் அவள் கையிலிருந்து தானே விலகப் பார்த்தது.

"எரியுதுட்டி" என்றது தலையணைப் பக்கமிருந்து ஒரு கம்மிய குரல்.

அவள் முகமெல்லாம் கண்ணீர். காலை விடவில்லை.

"எரியட்டும்" என்றாள்.