பதினான்கு கிலோ

விமானத் திடலில் பைகளை நிறுக்கும் தராசின் மேல் அரோய்டா ஏறி நின்றாள். நான்கு வயது. தலையில் பூச்சரம், கக்கத்தில் சுருட்டிய தாழம்பாய். ஆளையும் எடை போட்டுத்தான் எங்கள் தீவில் விமானம் ஏற்றுவார்கள். சீட்டு எழுதும் பரானிகோ முள்ளைப் பார்த்துவிட்டு, "பதினாலு கிலோ. அம்மிணி எங்க கிளம்பிட்டீங்க?" என்றார். "மாரிட்டோட" என்றாள் என் தங்கை தெபோரா. குரல் நடுங்கவேயில்லை. ஒரு வருடமாகப் பழக்கி வைத்திருந்த குரல்.

மாரிட், பனி பெய்யும் தேசத்திலிருந்து வந்த தொண்டர். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். எங்கள் அப்பா அவளை மகளாக ஏற்றுக்கொண்டதால் எங்களுக்கு இன்னொரு தங்கை. தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிப்பாள், மீன்தலையைத் தொடமாட்டாள், சாயங்காலமானால் கதவைச் சாத்திக்கொண்டு புத்தகம் படிப்பாள். மனுஷி தனியாகக் கிடந்தால் மனசுக்கு ஏதோ சரியில்லை என்றுதானே அர்த்தம்? துணைக்கு இருக்கட்டும் என்று தெபோரா தன் மகள் அரோய்டாவை அனுப்பிவைத்தாள். அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

உறவுக்காரர் வாய்விட்டு ஒன்றைக் கேட்டுவிட்டால் இல்லை என்ற பேச்சு எங்களிடம் கிடையாது. வந்த ஒரே மாதத்தில் மாரிட்டின் டார்ச், குடை, நீலச் செருப்பு எல்லாம் ஆளுக்கொன்றாய்ப் போய்விட்டன. முதலில் முகம் சுண்டினாள். பிறகு சூட்சுமம் பிடிபட்டு அவளும் கேட்க ஆரம்பித்தாள். அப்பாவிடம் தொப்பியைக் கேட்டு வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தபோது ஊரே சிரித்தது.

போன ஈஸ்டர் விருந்தில், ஊர்ச்சாவடியில் பெரியவர்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, மடியில் தூங்கிய அரோய்டாவைத் தடவிக்கொண்டே, எங்கள் பேச்சில் தெளிவாகச் சொன்னாள்: "தெபோரா, இவள எனக்குக் குடு. ஊருக்குப் போறப்ப கூட்டிட்டுப் போயிடறேன்."

பெரியவர்கள் எல்லாரும் தெபோராவைப் பார்த்தார்கள். தெபோரா தலையைக் குனிந்துகொண்டு "சரி" என்றாள்.

நான் பக்கத்தில்தான் இருந்தேன். வெள்ளைக்காரர்கள் எப்படிப் பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியும். பள்ளிக்கூட நாய்க்குட்டியிடமும் அவள் இதையேதான் சொல்லியிருந்தாள். மறுநாள் வகுப்பறையில் வைத்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாக்குக் கொடுத்தபின் துருவினால் தெபோராவுக்கு அவமானம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். எங்கள் கிழங்குக் குழிகளில் வருடா வருடம் கடல் உப்பு ஏறிக்கொண்டிருந்தது. நம் பிள்ளை ஒன்றாவது மேட்டுநிலத்தில் வளரட்டுமே என்று ஆசைப்பட்டேன். நான் பெற்ற பிள்ளையாக இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

தெபோரா அன்றிலிருந்தே பிள்ளையை விட ஆரம்பித்தாள். முதலில் கையால் ஊட்டுவதை நிறுத்தினாள். பிறகு தலைவாருவதை. கடைசி மூன்று மாதம் எதிர்வீட்டில் என்னோடு படுக்க அனுப்பிவிட்டாள். ஓடி ஓடிப் போன பிள்ளையை முகத்தைத் திருப்பிக்கொண்டு திட்டி அனுப்பினாள். "இப்பவே பழகட்டும்க்கா. அங்க போயி என்னத் தேடி அழக்கூடாது" என்றாள்.

"நீ என்னடி பண்ணுவ?"

"எனக்கென்ன, நீ இருக்க. அதுக்கு அங்க யாரு இருக்கா?"

பாஸ்போர்ட் காகிதங்களையெல்லாம் தலைநகரில் மாரிட் பார்த்துக்கொள்வாள் என்று நம்பினாள். பிள்ளை ஏன் உங்கள் வீட்டில் தூங்குகிறது என்று மாரிட்டும் ஒருமுறை கேட்டாள். எங்கள் வழக்கம் என்று சொல்லி வைத்தேன்.

தராசில் நின்ற குழந்தையைப் பார்த்து மாரிட் சிரித்துக்கொண்டே போட்டோ எடுத்தாள். அதன்பிறகுதான் தெபோராவின் கையிலிருந்த பிள்ளையின் மூட்டை கண்ணில் பட்டது. இரண்டு கவுன், ஒரு பாட்டில் தேங்காயெண்ணெய், பதநீர்ப் பாகு. என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஈஸ்டரில் அவள் கேட்ட பிள்ளையைத்தான் கொடுக்கிறோம் என்று சொன்னேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"விளையாட்டுக்குச் சொன்னேங்க! ஒரு வருஷமா? நீங்க ஏன் எங்கிட்ட சொல்லல?" மணலில் மண்டியிட்டு தெபோராவின் கால்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். "உன் பிள்ளைய நான் எப்படி எடுப்பேன்? உன்னோடவே இருக்கட்டும்."

தெபோரா சந்தோஷப்படுவாள் என்றுதான் நானும் நினைத்தேன். அவளோ அவமானத்தில் சிவந்து, சுற்றியிருந்தவர்களை ஒருமுறை பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கெஞ்சினாள். "பிள்ளை பிடிக்கலையா? ராத்திரி எந்திரிக்க மாட்டா. கொஞ்சமாத்தான் சாப்பிடுவா. சொன்ன பேச்சு கேப்பா மாரிட்."

மாரிட்டை மட்டும் ஏற்றிக்கொண்டு விமானம் போய்விட்டது. பரானிகோ சீட்டில் எழுதிய பதினான்கை அடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அரோய்டா தராசிலிருந்து இறங்க மாட்டேன் என்றாள். நான்தான் தூக்கி இறக்கினேன். தெபோரா தொடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தெபோரா அடுப்பு மூட்டி ஈரப்பலாக்காய் சுட்டாள். மீனை முள் நீக்கித் தேங்காய்ப்பாலில் பிசைந்தாள். தின்பண்டம் காட்டிக் கூப்பிடுகிற குரலில், "அரோய்டா, வாடி. அம்மா ஊட்டி விடறேன்" என்றாள். அந்தக் குரலைக் கேட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அரோய்டா நகரவில்லை. பாயைக் கக்கத்தில் இடுக்கியபடி என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாடத் தொடங்கிய பூச்சரம் நெற்றியில் சரிந்திருந்தது.

"பெரிம்மா," என்று தெபோராவைக் காட்டி மெதுவாகக் கேட்டாள், "அங்க போனா திட்ட மாட்டாங்களா?"

எதிரே தெபோரா கவளத்தை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். தேங்காய்ப்பால் அவள் மணிக்கட்டு வழியாக வழிந்து முழங்கையில் சொட்டிக்கொண்டிருந்தது.