தோல் விட்டு வெட்டிய முள்ளங்கி

1

இந்தக் கதை எனக்கு முள்ளங்கியாகத்தான் வந்தது. அடுத்த வீட்டு ஓஷிகே வேலிக்கு மேல் ஒரு கூடையை நீட்டி, ஊறுகாய் போட்டுக்கொள்ளுங்கள் என்றாள். மறுநாளும் ஒரு கூடை. அதற்கடுத்த நாளும். அரிசிக் கிடங்கில் படி அளக்கிற சாமுராயின் வீட்டில் முள்ளங்கி இப்படிக் கொட்டிக் கிடந்தால் பக்கத்து வீட்டுக்காரி யோசிக்க மாட்டாளா? கூடையைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றில்கூடச் சமையல் கத்தி பட்டதில்லை. சில நசுங்கியிருந்தன. சில கோணலாகப் பிளந்திருந்தன. எல்லாமே ஒரு மனிதக் கழுத்தின் தடிமன்.

அப்போதே எழுத ஆரம்பித்திருக்க வேண்டும். பயமாக இருந்தது, ஊறுகாய் போட்டேன்.

2

முதல் தொடக்கம்: "குரிமோட்டோ ஹெய்சுகே அஞ்சா நெஞ்சம் படைத்த—"

(வேண்டாம். இடி இடித்தால் கொசுவலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிற ஆள். தெருவுக்கே தெரியும்.)

இரண்டாவது: "ஒரு பொய் எத்தனை வருஷம் உயிரோடு—"

(இது பரவாயில்லை. ஆனால் உபதேசம் மாதிரி இருக்கிறது.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். பிரபுவின் பரிவாரத்தோடு எடோ நகரம் போய் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தவர் ஓஷிகேயின் புருஷன் ஹெய்சுகே. வந்ததும் சாக்கே மது குடிக்கிற இடத்திலெல்லாம், அங்கே பெரிய வாள் பள்ளியில் ரகசிய வித்தை கற்றேன் என்று அளந்தார். கிடங்கில் அளந்ததைவிடத் தாராளமாக. உண்மையில் அந்தப் பள்ளியின் ஜன்னலுக்கு எதிரே நின்று நூடுல்ஸ் சாப்பிட்டிருக்கிறார். அவ்வளவுதான். (எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருப்பது மூங்கில் வேலி.)

அவர் ரொம்ப அழகாக விவரித்தது 'துணை'யின் வித்தையை. தண்டனை பெற்ற சாமுராய் வயிற்றைக் கிழித்துக்கொள்ளும்போது, பின்னால் நின்று கழுத்தை வெட்டி வேதனையை முடித்து வைப்பவரை இங்கே துணை என்போம். ஒரே வெட்டு. ஆனால் முழுக்க வெட்டிவிடக் கூடாது. தொண்டைப் பக்கம் கொஞ்சம் தோலை விட்டுவிட வேண்டும். தலை உருளாமல் அவர் மடியிலேயே கவிழ வேண்டும். உருண்டால் அவருக்கு அவமானம். தோளில் பட்டால்…

அந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகவில்லை.

3

இசோபே தன்பெய், ஹெய்சுகேயோடு ஞாயிறு தவறாமல்—

(எங்களுக்கு ஏது ஞாயிறு? பயத்தில் கை என்னென்னவோ எழுதுகிறது.) மழைநாள் தவறாமல் ஹெய்சுகேயோடு பலகையில் காய் ஆட்டம் ஆடுகிறவர். கோட்டை வாசலில் எவனோ ஒருவனின் வாள் உறை இவர் உறையில் இடித்துவிட்டது. அது அவமதிப்பு. இவர் கோபத்தில் வாளை இரண்டு விரல் அளவு உருவிவிட்டார். கோட்டைக்குள் உருவினால் உயிர் போகும். வயிற்றைக் கிழித்துக்கொள்ளும்படி தீர்ப்பு வந்தது. துணையாக யார் வேண்டும் என்று கேட்டபோது, ஹெய்சுகே என்றார்.

அதிகாரி வந்து சொன்னதும் ஹெய்சுகே தரையில் நெற்றி பதிய விழுந்து, தனக்கு வாள் வராது என்றார். முழு உண்மை. ஆனால் எங்கள் வழக்கம் என்ன? துணையாக அழைக்கப்பட்டவர் முதலில் அப்படித்தான் மறுக்க வேண்டும். அது மரியாதை. அதிகாரி தலையாட்டினார். ஹெய்சுகே மறுபடி, குரல் நடுங்கச் சொன்னார். இந்தக் காலத்தில் இவ்வளவு பணிவா என்று அதிகாரி நெகிழ்ந்துபோனார். மூன்றாம் முறை கண்ணீரோடு சொன்னார். ஊரே அவரைப் புகழ ஆரம்பித்துவிட்டது.

4

காவலில் இருந்த இசோபேயை ஹெய்சுகே பார்க்கப் போனார். அதை இப்படி எழுதியிருந்தேன்: "உன் புளுகு எனக்கு எப்பவோ தெரியும்யா, இருந்தாலும் நீதான் வேணும் என்று இசோபே சிரித்தார்."

அடித்துவிட்டேன். என் நிம்மதிக்காக எழுதிய வரி அது. ஓஷிகே எனக்குச் சொன்னது வேறு.

"தன்பெய், நான் சொன்னதெல்லாம் பொய்தான்யா. எனக்கு ஒண்ணுமே தெரியாது" என்றாராம் ஹெய்சுகே.

"சாகப்போறவன்கிட்டயுமா இந்த அடக்கம்?" என்றாராம் இசோபே. "போய்யா. உன் பேரைச் சொன்ன அன்னிக்குத்தான் எனக்குத் தூக்கமே வந்துது."

அப்புறம் தன் பின்கழுத்தைத் தடவிக்கொண்டே, மெதுவாகக் கேட்டாராம்: "வலிக்காதுல்ல?"

ஹெய்சுகே "வலிக்காது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். இது அவருடைய இரண்டாவது பொய்.

5

தண்டனை நாளான இன்று காலை வேலி இடுக்கில் நானே பார்த்தது. வாளைக் கொடுப்பதற்கு எங்களிடம் ஒரு முறை உண்டு: கூர் கொடுப்பவர் பக்கம், கைப்பிடி வாங்குபவரின் வலக்கைக்கு. ஓஷிகே அப்படித்தான் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"என்னங்க, கை வலிக்குது, பிடிங்க" என்றாள்.

"இப்பவே நான் வயித்தைக் கிழிச்சுக்கிட்டா என்னடி?"

"அப்ப உங்களுக்கு யாரு துணை நிப்பா? நானா?" என்றாள் அவள். "அங்க அவரு உங்களை நம்பி உக்காந்திருப்பாரு."

அவர் வாங்கிக்கொண்டார். உறைக்குள் வாள் கடகடவென்று ஆடியது எனக்கே கேட்டது. (இந்தச் சத்தத்தை நான் கூட்டிச் சொல்லவில்லை. வேறு இடங்களில் கூட்டியிருக்கிறேன்.)

அவர் தெருமுனை திரும்பியதும் ஓஷிகே என்னிடம் கடைசிக் கூடையை நீட்டினாள்.

6

கூடையில் இரண்டு முள்ளங்கிகள். ஒன்று சுத்தமாக வெட்டுப்பட்டு, மெல்லிய தோலில் தொங்குகிறது. தூக்கிப் பிடித்தால் தலை குனிகிற மாதிரி கவிழ்கிறது. மற்றது பாதியில் நசுங்கி நிற்கிறது. எது கடைசியாக வெட்டியது? ஓஷிகே சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு விஷயத்தைக் கேட்காமல் விட்டது என் ஆயுளிலேயே இதுதான் முதல் தடவை.

ஒரு முடிவில் அவர் நிமிர்ந்து திரும்பி வருகிறார். ஊர் தன் இஷ்டத்துக்கு இன்னும் புகழ்கிறது. அவர் வாள் பேச்சே எடுப்பதில்லை. இன்னொரு முடிவில் இசோபே திரும்பிப் பார்க்கிறார்—

இல்லை. அதை நான் எழுதமாட்டேன். இதுவரை வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்ததற்கே உள்ளங்கை வியர்த்துக் கிடக்கிறது. நீங்களும் என்னோடு சேர்ந்து இடுக்கில் கண் வைத்தவர்தானே?

இந்தாருங்கள், மீதிக் கதை. கூர் என் பக்கம் இருக்கிறது. கைப்பிடி உங்கள் வலக்கைக்கு. தெரியாது, வராது என்று சொல்லிப் பாருங்கள், நானும் அதை மரியாதை என்றே எடுத்துக்கொள்வேன்.

இசோபே கழுத்தை நீட்டிவிட்டார்.